விழுந்தாலும் பாடணும்

கேள்வி: ஐயா, நாங்கள் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். அம்மா கொழுந்து எடுக்கிறார். மலையில் பாட்டு இல்லாவிட்டால் அவருக்குக் கை ஓடாது. போன வருஷம் மட்டும் இரண்டு போன் போய்விட்டது. இரண்டுமே இடுப்பிலிருந்து நழுவிக் கல்லில் விழுந்தவை. இனிப் பாட்டுக்கு மட்டும் ஒரு ப்ளேயர் வாங்கிக் கொடுக்கலாம் என்று பார்க்கிறேன். விழுந்தாலும் உடையாதது எது?

பதில்: தம்பி, உடையாதது என்று ஒன்றும் கிடையாது. விழுந்தால் அடி குறைவாகப் படுவது உண்டு. முதலில் பார்க்கவேண்டியது கனம். இன்றைய போன் ஒன்று 190 கிராம் வரும். சட்டையில் மாட்டும் கிளிப் வைத்த சின்ன எம்பி3 ப்ளேயர் 25 கிராம் அளவில்தான் இருக்கும். ஒரே உயரத்திலிருந்து விழுந்தால் போன் வாங்குகிற அடி ஏழு மடங்குக்கு மேல். எறும்பு மரத்திலிருந்து விழுந்தாலும் எழுந்து போய்விடுகிறதே, அதே கணக்கு.

இரண்டாவது, பொத்தான். அம்மாவின் விரல் எந்நேரமும் ஈரம், அதோடு கொழுந்துக் கறை வேறு. தொடுதிரை அந்த விரலுக்கு மசியாது. நாலு தரம் தட்டி, சேலையில் துடைத்து, மறுபடி தட்டும்போதுதான் கை நழுவுகிறது. இங்கே உடைகிற சாமான்களில் பெரும்பாலானவை சும்மா இருக்கும்போது விழுவதில்லை, பாட்டு மாற்ற வெளியே எடுக்கும்போதுதான் விழுகின்றன. பொத்தான் என்றால் துணிக்கு மேலேயே தடவி அமுக்கலாம், வெளியே எடுக்கும் வேலையே இல்லை. திரை சின்னதாக இருந்தால் போதும். இல்லாவிட்டால் இன்னும் நல்லது, உடைய ஒன்று குறைவு.

பெயர் சொல்லிக் கேட்டால், சான்டிஸ்க் கிளிப் ஜாம் போன்றவை இந்த வகை. பிளாஸ்டிக் உடம்பு, பின்னால் கிளிப், மெமரி சிப் போட ஓர் இடம், எஃப்எம் ரேடியோ. ஒரு சார்ஜில் 18 மணி நேரம் வரை பாடும் என்று கம்பெனி சொல்கிறது. அதில் பாதி கிடைத்தாலே, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்திலிருந்து கொழுந்து நிறுத்து முடியும் வரை காணும். பெயரில்லாத மலிவுச் சாமான் வாங்கினால் ஒரு காரியம் செய்யுங்கள். சிப்பை முழுக்க நிரப்பி, கடைசிப் பாட்டைப் போட்டுப் பாருங்கள். நான் ஒரு முறை கொழும்பில் 32 ஜிபி என்று எழுதியிருந்த சிப் ஒன்று வாங்கினேன். பாட்டெல்லாம் ஏறியதாகத்தான் காட்டியது. பாதிக்கு அப்புறம் ஒன்றுகூடப் பாடவில்லை. உண்மையில் 4 ஜிபி இருந்தாலே போதும். சாதாரண எம்பி3 நிமிஷத்துக்கு ஒரு எம்பி என்று வைத்தால் 800 பாட்டு பிடிக்கும்.

இனி மாட்டும் விதம். வாங்குவதைவிட இதுதான் முக்கியம். இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கில் மாட்டவேண்டாம். குனியும்போதெல்லாம் அது மடங்கும், தேயிலை வாது (கிளை) உரசும், கிளிப் தானாகக் கழன்றுவிடும். சட்டைக் கழுத்துக்கு உட்புறம், ப்ளேயர் உடம்போடு ஒட்டியிருக்கும்படி மாட்டுங்கள். வயரைச் சட்டைக்குள்ளேயே விட்டுக் கழுத்துப் பக்கமாக எடுங்கள். வெளியே தொங்கும் வயர்தான் வாதில் மாட்டி ப்ளேயரைப் பிடுங்கி எறிகிறது.

அப்புறம் ஒரு கயிறு. ப்ளேயரில் கயிறு கோக்கத் துளை இருந்தால் அதில், இல்லாவிட்டால் கிளிப்பின் வளைவில், ஒரு சாண் நைலோன் நூல் கட்டி மறுமுனையைச் சட்டைப் பொத்தான் துளையில் முடியுங்கள். இந்த நூல் வயரைவிடக் குட்டையாக இருக்கவேண்டும். நூல் நீளமாக இருந்தால், ப்ளேயர் விழும்போது கனத்தை வாங்குவது வயரும் அது செருகியிருக்கிற துளையும்தான். நூல் குட்டை என்றால் வயருக்கு ஒன்றும் ஆகாது. கழுத்தைச் சுற்றி மாலை மாதிரி மட்டும் போடவேண்டாம். வாதில் சிக்கினால் கழுத்துக்கு ஆபத்து. பெக்டரியில் ரோலர் பக்கம் வேலை செய்பவர்கள் நூலும் வயரும் இல்லாமலே இருப்பது நல்லது, பாட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அம்மா ஒரு காதில்தான் மாட்டவேண்டும். மலையில் யாராவது “குளவி!” என்று கத்தினால் கேட்கவேண்டுமே. இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு குளவிக்கூட்டுக்குள் கை விட்டால், ப்ளேயர் உடையாமல் இருந்து என்ன பிரயோசனம்? ஒரு காதில் பாட்டு குறைந்து கேட்குமே என்றால், அம்மா கேட்பது பழைய சினிமாப் பாட்டாக இருந்தால் கவலையில்லை. அந்தக் காலத்துப் பாட்டுகள் பெரும்பாலும் மோனோவில் பதிவானவை, இரண்டு காதிலும் ஒரே சத்தம்தான்.

ரேடியோவுக்கும் இந்த வயர்தான் ஏரியல். வயர் சுருண்டு கிடந்தால் ஸ்டேஷன் இரையும். பள்ளத்து மலைக்கு இறங்கினால், எவ்வளவு நல்ல சாமானாக இருந்தாலும் எஃப்எம் விட்டுவிட்டுத்தான் வரும். நடுவில் நிற்கிற மலை மறைக்கிறது. அது ப்ளேயரின் பிழை என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டாம்.

கேள்வி: ஹட்டன் டவுனில் ஒரு கடையில் சிலிக்கன் கவர், பளபளவென்ற ஹார்ட் கவர், லெதர் பை மூன்றும் காட்டினார்கள். ஹார்ட் கவர்தான் ஸ்ட்ரோங் என்கிறார் கடைக்காரர். சரியா? (தலவாக்கலை வாசகி)

பதில்: ஹார்ட் கவர் கீறலுக்கு நல்லது, விழுவதற்கு அவ்வளவு உதவாது தங்கச்சி. காரணம் எளிது. நெஞ்சளவு உயரம், 1.2 மீற்றர் என்று வையுங்கள். அங்கிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது மணிக்கு 17 கிலோமீற்றர் வேகத்தில் வருகிறது. அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடினமான பிளாஸ்டிக் சீமெந்தில் விழுந்தால் 1 மில்லிமீற்றருக்குள் நின்றுவிடும். அப்போது உள்ளே இருக்கிற பாகங்கள் படும் விசை அவற்றின் சொந்த எடையைப் போல் 1,200 மடங்கு. அதே பொருள் 5 மில்லிமீற்றர் நசுங்கி நின்றால் 240 மடங்குதான். முட்டையைத் தரையில் போடுவதற்கும் கொழுந்துச் சாக்கின்மேல் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவே.

ஆகவே மூலைகளில் தடித்த சிலிக்கன். மூலையைப் பார்த்து வாங்குங்கள், முதுகைப் பார்த்து அல்ல. விழும் சாமான் அநேகமாக மூலையில்தான் இறங்கும். விரலால் அமுக்கினால் மூலை கொஞ்சம் உள்ளே போகவேண்டும். கவரின் விளிம்பு திரையைவிடச் சற்று உயர்ந்திருந்தால் குப்புற விழுந்தாலும் கண்ணாடி தரையைத் தொடாது. சிலிக்கனுக்கு இன்னொரு நன்மை, கையில் வழுக்காது. லெதர் பை அழகு. ஆனால் பாட்டு மாற்ற ஒவ்வொரு தடவையும் வெளியே எடுக்கவேண்டும், அதைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன்.

உங்கள் மொடலுக்குக் கவரே கிடைக்காவிட்டால் மோட்டார் சைக்கிள் ட்யூப் இருக்கிறது. டயர் ஒட்டும் கடையில் பழைய ட்யூப் கேட்டால் சும்மாவே தருவார்கள். ப்ளேயரின் நீளத்தைவிட ஒரு விரல் கூடுதலாக வெட்டி, சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவைத்து உறைபோல இழுத்துப் போடுங்கள். இரண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கட்டும், அடியை வாங்குவது அந்த நீட்டம்தான். என்னுடையதுக்கு நான் அதைத்தான் போட்டிருக்கிறேன். பார்க்க எருமைத் தோல் மாதிரி இருக்கும். சார்ஜ் போடும்போது மட்டும் கழற்றிவிடுங்கள், சூடு வெளியேறட்டும்.

கேள்வி: பண்டாரவளையில் ஒரு புளூடூத் ப்ளேயர் பார்த்தேன். பெட்டியில் ஐபி68 என்றும் மிலிட்டரி கிரேட் என்றும் ஸ்டிக்கர். அப்படியென்றால் விழுந்தாலும் உடையாதுதானே?

பதில்: ஐபி68க்கும் விழுவதற்கும் சம்பந்தமே இல்லை. முதல் எண் தூசிக்கு, 6 என்றால் தூசி உள்ளே போகாது. இரண்டாவது தண்ணீருக்கு. 7 என்றால் 1 மீற்றர் ஆழத்தில் 30 நிமிஷம் தாங்கும். 8 என்றால் அதைவிடக் கடினமான சோதனை, எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைக் கம்பெனியே சொல்லவேண்டும். ஐபிஎக்ஸ்7 என்று எழுதியிருந்தால் தூசிக்குச் சோதிக்கவில்லை என்று அர்த்தம். நம் ஊர் மழைக்கு இதெல்லாம் உதவும். அதற்காக வாங்கலாம்.

மிலிட்டரி என்பது மில்-எஸ்டிடி-810 என்கிற அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் சோதனை முறை. அதில் விழும் சோதனையும் உண்டு. 122 சென்டிமீற்றர் உயரத்திலிருந்து 26 தடவை, முகம், விளிம்பு, மூலை எல்லாம் படும்படி போடுவார்கள். நல்ல சோதனைதான். ஆனால் அந்த 26 தடவையையும் ஒரே சாமான் தாங்கவேண்டியதில்லை, ஐந்து சாமான் வரை பங்கிட்டுக்கொள்ளலாம். விழுவதும் பல சோதனைகளில் பலகையில்தான், நம் றோட்டுக் கருங்கல்லில் இல்லை. அதோடு அந்த முறையில் வேறு சோதனைகள் நிறைய உண்டு, வெறும் சூட்டுச் சோதனை மட்டும் செய்துவிட்டும் அதே பெயரை ஒட்டலாம். எந்தச் சோதனை, எவ்வளவு உயரம் என்று பெட்டியில் எழுதியிருந்தால் நம்புங்கள். வெறும் ஸ்டிக்கர் என்றால் ஸ்டிக்கர்தான்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்த மாமா தன்னுடைய பழைய ஐபொட் கிளாசிக்கைத் தந்தார். மேசையிலிருந்து விழுந்த பிறகு உள்ளே டிக் டிக் என்கிறது, பாட்டு பாதியில் நிற்கிறது. திருத்தலாமா?

பதில்: அந்த டிக் டிக் ஹார்ட் டிஸ்க்கின் சத்தம். 2001இல் வந்த முதல் ஐபொட்டிலிருந்து கிளாசிக் வரை உள்ளே சுழல்வது 1.8 அங்குலச் சின்ன டிஸ்க். அதைப் படிக்கும் முள் தட்டைத் தொடாமல், தலைமயிரின் தடிப்பைவிட மிக மிகச் சின்ன இடைவெளியில் மிதக்கும். பாடிக்கொண்டிருக்கும்போது விழுந்தால் முள் தட்டில் இடித்துக் கீறிவிடும். சிப்பில் சுழல்கிற பாகமே இல்லை, அதனால்தான் மலைக்குச் சிப் வைத்த சாமானைத்தான் எப்போதும் சொல்கிறேன்.

இன்னும் கொஞ்சமாவது பாடினால் முதல் வேலையாகப் பாட்டுகளைக் கம்ப்யூட்டரில் இறக்குங்கள். தட்டிப் பார்க்கவேண்டாம், ஒவ்வொரு தட்டுக்கும் கீறல் கூடும். டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் மெமரி சிப் மாட்டும் அடாப்டர்கள் இணையத்தில் கிடைக்கின்றன. கை நிதானமான ரிப்பேர்காரர் அதைப் போட்டுத் தந்தால் சாமான் முன்னைவிட உறுதியாகும், பெட்டரியும் நீடிக்கும். கிளாசிக்கை 2014இலும் கடைசி ஐபொட்டை 2022இலும் நிறுத்திவிட்டார்கள், ஆகவே புதுப் பாகம் தேடி அலையவேண்டாம். மாமாவின் ஞாபகத்துக்காக என்றால் செலவழியுங்கள். பாட்டுக்காக மட்டும் என்றால் புதிய சின்னது ஒன்று மலிவு.

கேள்வி: விழுந்ததிலிருந்து ஒரு காதில் மட்டும்தான் கேட்கிறது. ஹேண்ட்ஸ்ஃப்ரீ புதிது.

பதில்: எனக்கும் நடந்தது, நானுஓயா ஸ்டேஷனில். ரயிலிலிருந்து இறங்கும் அவசரத்தில் ப்ளேயர் தலைகீழாக விழுந்தது, செருகியிருந்த ஹேண்ட்ஸ்ஃப்ரீ முள் நேரே பிளாட்பாரத்தில் குத்தியது. வெளியே ஒரு கீறல் இல்லை. உள்ளே துளையைச் சர்க்கிட் பலகையோடு பிடித்திருக்கிற ஈயப்பற்று விட்டுவிட்டது. முள்ளை மெதுவாகச் சுற்றும்போது மற்றக் காதில் சத்தம் வந்து வந்து போனால் உங்களுக்கும் அதுதான். ஈயம் வைத்தால் சரியாகும், சின்ன வேலை. அடுத்த ஹேண்ட்ஸ்ஃப்ரீ வாங்கும்போது முள் ‘ட’ மாதிரி மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். நேராக நீட்டிக்கொண்டிருக்கிற முள் கடப்பாறை மாதிரி, சின்ன இடிக்கே துளையைப் பெயர்த்துவிடும்.

கேள்வி: நுவரெலியாவில் இராக் காவல் வேலை. விடிய வீட்டுக்கு வந்தால் திரைக்குள்ளே பனி பிடித்திருக்கிறது. அரிசியில் போடலாமா?

பதில்: அரிசி சோற்றுக்கு. தூளும் மாவும் துளைக்குள் போவதுதான் மிச்சம். குளிரில் கிடந்த சாமான் அடுப்புச் சூடுள்ள வீட்டுக் காம்பராவுக்குள் வந்ததும் காற்றின் ஈரம் அதன்மேல் நீராகிறது. வாசலிலேயே இறுகக் கட்டிய பொலித்தீன் பைக்குள் போட்டு, அரை மணி நேரம் கழித்து எடுங்கள். நீர் பைக்கு வெளியே பிடிக்கும். உள்ளே ஏற்கெனவே பிடித்திருந்தால் காயும்வரை சார்ஜ் போடவேண்டாம். சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை எறியாமல் வைத்திருந்தால் ஒரு டப்பாவில் சேர்த்து மூடலாம்.

கேள்வி: வாங்கி ஐந்து மாதம். ஒரு தரமும் விழவில்லை, பொத்தான் ஒன்று தானாகச் செத்துவிட்டது. ஆறு மாத உத்தரவாதம் இருந்தும் “போட்டு உடைத்திருக்கிறீர்கள்” என்று கடையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பதில்: விழுந்த சேதத்தைப் பொதுவாக எந்த உத்தரவாதமும் ஏற்காது. ஆனால் விழுந்ததென்றால் அடையாளம் இருக்கவேண்டும். மூலையில் நசுக்கம், விளிம்பில் கீறல் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள், மறுப்பை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதுமே பல கடைகளில் பேச்சு மாறும். மாறாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது, 1977க்கு எடுத்துக் கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். உங்களுக்கு அந்தக் காலம் தாண்டிவிட்டது. இருந்தாலும் போன் செய்து ஆலோசனை கேட்பதில் நட்டமில்லை. மற்றவர்கள் கவனியுங்கள், உத்தரவாதம் ஆறு மாதம் என்றாலும் இந்தக் கதவு மூன்றாம் மாதத்தோடு சாத்துகிறது. ஆகவே முதல் மூன்று மாதத்தில் எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பாருங்கள், ரேடியோவையும் சிப்பையும் சோதியுங்கள்.

பில் கேட்டால் கடைக்காரர் கொடுத்தே ஆகவேண்டும், அதுவும் அதே சட்டத்தில் உள்ளதுதான். வாங்கிய அன்றே அதைப் படம் எடுத்து வையுங்கள். மெஷினில் வருகிற அந்த வழுவழுத் தாள் எங்கள் வீட்டு முன்திண்ணை இஸ்தோப்பில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. ப்ளேயர் பாடிக்கொண்டிருந்தது, பில் வெள்ளைத் தாளாகியிருந்தது.