மூன்று கோப்பை, 63 ஆட்டம்: வாசகர் கேள்வி பதில்

இங்கிலாந்துக் கால்பந்து அணியான மான்செஸ்டர் யுனைடெட் 1998-99 பருவத்தில் உள்நாட்டின் பிரிமியர் லீக், எஃப்.ஏ. கோப்பை, ஐரோப்பிய அணிகளுக்கான சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் வென்றதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளில் சில இங்கே.

முந்தைய பருவத்தில் லீக்கை வென்றது ஆர்சனல். இரண்டாம் இடம் பிடித்த யுனைடெட் எப்படி சாம்பியன்ஸ் லீக்கில் ஆடியது? (சேலம் வாசகர்)

1997-98 முதல் பெரிய லீக்குகளில் இரண்டாம் இடம் பெற்ற அணிகளுக்கும் இடம் தரப்பட்டது. ஆனால் தகுதிச் சுற்றைத் தாண்ட வேண்டும். யுனைடெட் போலந்தின் வூட்ச் அணியை 2-0, 0-0 என்று தாண்டியது. அடுத்து பயர்ன் மியூனிக், பார்சிலோனா, பிரோன்பி இருந்த பிரிவு. அதிலும் 11 புள்ளியோடு பயர்ன் முதலிடம், 10 புள்ளியோடு யுனைடெட் இரண்டாமிடம். ஆறு பிரிவுகளிலும் முதலிடம் பெற்றவர்களோடு, இரண்டாமிடத்தில் சிறந்த இரண்டு அணிகள் மட்டுமே காலிறுதிக்குப் போயின. பிரோன்பியை 6-2, 5-0 என்று வென்றிருக்காவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

இத்தனை ஆட்டத்துக்கும் வீரர்கள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? (தூத்துக்குடி வாசகர்)

எல்லாப் போட்டிகளும் சேர்த்து 63 ஆட்டம். இதைச் சமாளித்தது பயிற்சியாளர் ஃபெர்குசன் வைத்திருந்த நான்கு முன்கள வீரர்கள். யார்க் 29 கோல், ஆண்டி கோல் (இது அவர் பெயர்) 24, சோல்ஷார் 18, ஷெரிங்ஹாம் 5. எண்ணிக்கையில் கடைசியாக நிற்கும் ஷெரிங்ஹாம்தான் எஃப்.ஏ. கோப்பை, சாம்பியன்ஸ் லீக் இரண்டின் இறுதி ஆட்டங்களிலும் கோல் போட்டார். இரண்டிலும் மாற்று வீரராக வந்தவர்.

ஏப்ரல் 14 அன்று வில்லா பார்க்கில் ஆர்சனலுடன் நடந்த எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி மறு ஆட்டத்தைப் பாருங்கள். தொடங்கியவர்கள் ஷெரிங்ஹாமும் சோல்ஷாரும். யார்க்கும் ஓர வீரர் கிக்ஸும் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். கீன் சிவப்பு அட்டை வாங்கி யுனைடெட் பத்துப் பேராகக் குறைந்த பிறகு, ஆட்டம் முடியும் தறுவாயில் ஆர்சனலின் பெர்க்கேம்ப் அடித்த பெனால்டியை யுனைடெட் கோல்கீப்பர் ஷ்மைக்கேல் தடுத்தார். கூடுதல் நேரத்தில், 109ஆவது நிமிடம், ஆர்சனலின் வியெய்ரா தவறவிட்ட பாஸைத் தன் பாதியிலேயே பிடித்து ஓடிப்போய் கிக்ஸ் கோல் அடித்தார். எதிரணியின் கால்கள் தளர்ந்திருந்த நேரத்தில் தளராத கால் அவருடையது. ஆட்டத்தின் நடுவில் இறக்கிவிட்டதன் பலன் அது.

லீக் எவ்வளவு நெருக்கமாக முடிந்தது? (கோவை வாசகர்)

யுனைடெட் 79, ஆர்சனல் 78. மே 11 அன்று லீட்ஸிடம் ஆர்சனல் 1-0 எனத் தோற்றது. மறுநாள் பிளாக்பர்னில் யுனைடெட் 0-0 டிரா. கடைசி நாளில் ஆர்சனல் ஜெயித்துவிட்டதால், டாட்டன்ஹாமுடன் டிரா செய்திருந்தால்கூட யுனைடெட்டுக்குப் பட்டம் இல்லை. டாட்டன்ஹாமின் ஃபெர்டினாண்ட் முதலில் கோல் போட்டுவிட, இடைவேளைக்குள் பெக்காம் சமன் செய்தார். இடைவேளையில் ஷெரிங்ஹாமுக்குப் பதில் இறங்கிய ஆண்டி கோல், இரண்டே நிமிடத்தில் பந்தை கோல்கீப்பர் தலைக்கு மேல் தூக்கிவிட்டார்.

பார்சிலோனாவுக்கு எதிராக யார்க்கும் ஆண்டி கோலும் சேர்ந்து போட்ட கோலை எங்கள் பள்ளி அணிக்குச் சொல்லித்தர முடியுமா? (நாகர்கோவில், உடற்கல்வி ஆசிரியர்)

தாராளமாக. கீன் தரையோடு ஒரு பாஸ் அடித்தார். யார்க் அதைத் தொடாமல் விட்டுவிட்டு உடனே திரும்பினார். பின்னாலிருந்த ஆண்டி கோல் ஒரே தொடுதலில் யார்க்குக்குக் கொடுத்தார், யார்க் ஒரே தொடுதலில் திருப்பிக் கொடுத்தார், கோல்.

பழக்குவதற்கு மூன்று பேர் போதும். பாஸ் கொடுப்பவரிடமிருந்து முதல் ஆள் சுமார் 15 மீட்டர், அதே நேர்கோட்டில் அவருக்குப் பின்னால் 8 மீட்டரில் இரண்டாம் ஆள். முதலில் தடுப்பாளர் இல்லாமல் பழகட்டும். ஓட்டம் பிடிபட்ட பிறகு இரண்டு தடுப்பாளர்களை நிறுத்துங்கள். பிள்ளைகள் தவறுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். பாஸ் மெதுவாக வந்தால் தடுப்பாளர் குறுக்கே காலை வைத்துவிடுவார். பந்தை விட்டுக்கொடுத்தவர் அங்கேயே நின்று வேடிக்கை பார்த்தால் அடுத்த பாஸுக்கு ஆள் இருக்காது. பந்து தன்னைக் கடக்கும் அதே நொடியில் அவர் திரும்பியாக வேண்டும். இதை மட்டும் விடாமல் கண்காணியுங்கள்.

பயர்னுடன் நடந்த இறுதி ஆட்டம் வெறும் அதிர்ஷ்டம் என்கிறார் என் நண்பர். சரியா? (திருச்சி வாசகர்)

பாதி சரி. பயர்னின் ஷோல் அடித்த பந்து கம்பத்தில் பட்டு ஷ்மைக்கேலின் கைக்கே வந்தது. அதே அணியின் யாங்கர் அடித்தது மேல்கம்பத்தில் மோதியது. அன்று யுனைடெட் மோசமாக ஆடியதற்குக் காரணம் உண்டு. யுவெண்டஸ் அரையிறுதியில் வாங்கிய மஞ்சள் அட்டைகளால் நடுக்கள வீரர்கள் கீனுக்கும் ஸ்கோல்ஸுக்கும் தடை. இதனால் பெக்காமை நடுக்களத்துக்கு இழுக்க, இடது காலால் ஆடும் கிக்ஸ் வலது ஓரத்துக்குப் போனார். இரண்டு ஓரமும் மழுங்கிப்போயின. இந்தத் தடையை மனத்தில் வைத்துத்தான் நான்கு நாள் முன்பு நியூகாசிலுக்கு எதிரான எஃப்.ஏ. கோப்பை இறுதியில் நடுக்கள வீரர் நிக்கி பட் என்பவரை ஆடவிடாமல் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

ஆனால் 0-1 எனப் பின்தங்கியிருந்த யுனைடெட்டை கடைசி நிமிடங்களில் 2-1 என ஜெயிக்கவைத்த அந்த இரண்டு கோலும் பெக்காமின் கார்னரில் பிறந்தவை. முதல் கார்னருக்கு ஷ்மைக்கேலும் ஓடிவந்ததால் பயர்னின் தடுப்பு குழம்பியது. 80ஆவது நிமிடம் மத்தேயஸுக்குப் பதிலாக வந்த ஃபிங்க் பந்தைச் சரியாக வெளியேற்றவில்லை. கிக்ஸ் பிசகி அடித்ததை ஷெரிங்ஹாம் உள்ளே திருப்பினார். இரண்டாவதில் ஷெரிங்ஹாம் தலையால் தட்ட, சோல்ஷார் கால் நீட்டினார். இரண்டிலும் பந்தைக் கடைசியாகத் தொட்டவர்கள், 67, 81ஆவது நிமிடங்களில் இறங்கியவர்கள். அதை அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுத எங்களுக்கு மனம் வரவில்லை.