கணக்கில் சி1 வாங்கிய இரண்டு பிள்ளைகள்

அன்புள்ள அக்கா,

வடசென்னையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். தமிழ் வழி, வகுப்பில் 36 பேர். முதல் பருவத் தேர்வு முடிந்து கிரேடு போட்டாகிவிட்டது. மார்க் விவரத்தையும் அடுத்த பருவத்தில் நடக்கப்போகிறவற்றையும் சேர்த்து ஓர் அறிவிப்பு எழுதி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லியிருக்கிறார் தலைமையாசிரியர். எழுதிவிட்டேன். அனுப்பத்தான் மனம் வரவில்லை. போன வருடம் இப்படி ஒன்று அனுப்பிய மறுநாள் ஒரு பையன் கையில் பெல்ட் தடத்தோடு வந்தான். இன்னொரு அம்மா பள்ளி வாசலில் என்னை நிறுத்தி, "மிஸ், பி2ன்னா பாஸா ஃபெயிலா?" என்று கேட்டார்.

நான் எழுதியது இது:

"முதல் பருவ மதிப்பீட்டில் கீழ்க்கண்ட மாணவர்கள் சி2 மற்றும் டி கிரேடு பெற்றுள்ளனர். இவர்களது பெற்றோர் உரிய கவனம் செலுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். பெற்றோர் கூட்டம் புதன்கிழமை காலை 11 மணிக்கு நடைபெறும். நவம்பர் 14 குழந்தைகள் தினத்தன்று மாறுவேடப் போட்டி. நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கல்விச் சுற்றுலா. டிசம்பர் முதல் வாரம் வகுப்பில் சந்தை நாள். அனைவரும் ஒத்துழைப்பு நல்கவும்."

இதை எப்படி மாற்றி எழுதுவது? குறைந்த கிரேடு வாங்கிய பிள்ளைகளின் வீட்டுக்கு அதைச் சொல்லாமலே விட்டுவிட்டால் என்ன என்றுகூடத் தோன்றுகிறது.

இப்படிக்கு,
ஒரு மூன்றாம் வகுப்பு ஆசிரியை
(பெயர் வேண்டாம் அக்கா)

*

அன்புள்ள டீச்சர்,

சொல்லாமல் மட்டும் விடாதீர்கள். பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று தெரிந்துகொள்ள வீட்டுக்கு உரிமை உண்டு. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை. நல்ல ஏற்பாடுதான், நான் அதன் பக்கம்தான். ஆனால் அதனாலேயே, ஆசிரியர் வாய் திறக்காவிட்டால் வருடக்கணக்கில் வீட்டுக்கு ஒரு தகவலும் போகாமல் இருந்துவிடும். பிள்ளை ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய், அங்கே முன்பின் தெரியாத ஓர் ஆசிரியர் சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரியவேண்டும் என்றால், அது உங்கள் கையில் இருக்கிற இந்த மூன்றாம் வகுப்பை வீணாக்குவதுதான்.

ஆனால் அந்தப் பெயர்ப் பட்டியலை இப்போதே எடுத்துவிடுங்கள். 36 வீடுகளும் பார்க்கிற குழுவில் சில பிள்ளைகளின் பெயரை மட்டும் போட்டு 'கவனம் செலுத்தவும்' என்றால், அன்று சாயந்திரம் தெருவில் என்ன பேச்சு ஓடும் என்று உங்களுக்குத் தெரியாததில்லை. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு பிள்ளையை அடிக்கக் கூடாது என்பதோடு நிற்கவில்லை, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடுக்கிறது. எட்டு வயதுப் பிள்ளையின் டி கிரேடை ஊருக்கே அறிவிப்பது அதிலிருந்து வெகு தூரத்தில் இல்லை என்பது என் எண்ணம். உங்களுக்கு அந்த நோக்கம் துளியும் இல்லை, தெரியும். பழைய சுற்றறிக்கை நடை கைக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

அதே சட்டத்தின் 24ஆவது பிரிவைத் தலைமையாசிரியரிடம் காட்டுங்கள். ஆசிரியரின் கடமைகளில் ஒன்றாக அது சொல்வது இது: பெற்றோரைத் தவறாமல் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் கண்டிருக்கும் முன்னேற்றம், இன்னும் தேவையான தகவல்கள் எல்லாவற்றையும் தெரிவிக்க வேண்டும். உங்கள் அறிவிப்பில் இருப்பது கிரேடு மட்டும். சட்டம் கேட்கிற மற்ற எதுவும் அதில் இல்லை.

பி2 பாஸா ஃபெயிலா என்று அந்த அம்மா கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அவர் படித்த காலத்தில் 35 வந்தால் பாஸ். நடுவில் எல்லாம் மாறிவிட்டது, யாரும் அவருக்கு விளக்கவில்லை. வருடத்தை மூன்று பருவமாகப் பிரிக்கிற முப்பருவ முறையும் அதோடு இந்தக் கிரேடுகளும் வந்தது 2012-13இல். 91இலிருந்து ஏ1, 81இலிருந்து ஏ2, 71இலிருந்து பி1, 61இலிருந்து பி2, 51இலிருந்து சி1, 41இலிருந்து சி2, 33இலிருந்து டி, அதற்கும் கீழே இ1, இ2. இதைக் குழுவில் ஒருமுறை போட்டுவிடுங்கள், இது எல்லோருக்கும் பொதுவானதுதானே. கூடவே, 100இல் 60தான் பருவத் தேர்வு, மீதி 40 பருவம் முழுக்க வகுப்பில் பிள்ளை செய்ததற்கும் சிறு தேர்வுகளுக்கும் என்றும் சொல்லுங்கள். வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு என்ற பெயர்கள் உங்கள் பதிவேட்டிலேயே இருக்கட்டும்.

இந்த 40-60 விஷயத்தில்தான் உங்கள் கடிதத்துக்கே பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கணக்கில் இரண்டு பிள்ளைகள் 53 வாங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெண்ணுக்கு வகுப்புச் செயல்பாட்டில் 40க்கு 32, தேர்வில் 60க்கு 21. ஒரு பையனுக்கு 40க்கு 19, தேர்வில் 34. ரெண்டு பேருக்கும் ஒரே சி1. ஆனால் அந்தப் பெண் மணிகளை வைத்து எண்ணச் சொன்னால் எண்ணுகிறாள், வாயால் கேட்டால் பதில் சொல்கிறாள், தாளில் வாக்கியக் கணக்கைப் படித்து முடிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. பையனுக்குத் தாளைக் கொடுத்தால் போட்டுவிடுகிறான். ஆனால் வாரத்தில் ரெண்டு நாள் வருவதில்லை, வந்த நாளிலும் குழுவாகச் செய்கிறபோது ஒதுங்கி நிற்கிறான். அவளுக்குத் தேவை வாசிப்புப் பயிற்சி. அவனுக்குத் தேவை, யாராவது வீட்டில் போய் ஏன் வரவில்லை என்று கேட்பது. சி1 என்று மட்டும் எழுதி அனுப்பினால் ரெண்டு வீட்டிலும் நடப்பது ஒன்றுதான். திட்டு விழும், இல்லையென்றால் டியூஷன் வைப்பார்கள்.

இன்னும் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். 52இல் 27 கழி என்றால் பல பிள்ளைகள் 35 என்று எழுதும். 2இல் 7 போகாது, சரி, 7இல் 2 போகும் என்று திருப்பிக் கழித்துவிடுகிறது. இது அசட்டையாகப் போட்டதல்ல. பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்க வேண்டும் என்று முன்னால் படித்ததைப் பிள்ளை விடாமல் பின்பற்றுகிறது. கடன் வாங்குவதுதான் இன்னும் மண்டையில் ஏறவில்லை. உங்களுக்கு இது பார்த்த மாத்திரத்தில் தெரியும். நோட்டைத் திறக்கிற அம்மாவுக்குச் சிவப்புப் பேனாவில் போட்ட தப்பு மட்டும்தான் தெரியும். நீங்கள் எழுத வேண்டியது அந்த இடைவெளியைத்தான்.

அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"அம்மா, வணக்கம். பாப்பா கணக்கில் கூட்டலை யார் உதவியும் இல்லாமல் போடுகிறாள். வாயால் கேட்டால் டக்கென்று பதில் சொல்கிறாள். கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கில் இன்னும் தடுமாற்றம் இருக்கிறது. நீளமான கேள்வியை வாசிக்கவும் நேரமாகிறது. அதனால் இந்தப் பருவம் கணக்கில் நூற்றுக்கு 53, சி1 கிரேடு. இது ஃபெயில் இல்லை. வகுப்பில் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் நீங்கள் ஒன்று மட்டும் செய்தால் போதும்: கடைக்குப் போனால் மீதிச் சில்லறையை அவளையே கணக்குப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். டிசம்பர் முதல் வாரம் வகுப்பில் சந்தை வைக்கிறோம். அதில் ஒரு கடைக்கு அவள்தான் கல்லாவில் உட்காரப்போகிறாள்."

கடைசி இரண்டு வாக்கியங்களைக் கவனித்திருப்பீர்கள். உங்கள் அறிவிப்பில் கிரேடு ஒரு பக்கம் நிற்கிறது, நிகழ்ச்சிகள் ஒரு பக்கம் நிற்கின்றன, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. சந்தை நாள் என்பது நீங்களே யோசித்து வைத்திருக்கிற அருமையான விஷயம். கழித்தலில் திணறுகிற பிள்ளைகளைக் கல்லாவில் உட்காரவையுங்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள் விலைப்பலகை எழுதட்டும். 'தக்காளி', 'கொத்தமல்லி', 'சுண்டைக்காய்' என்று நாலு முறை எழுதி, அதைச் சத்தம்போட்டுக் கூவி விற்றால் ஒற்றெழுத்து தானாகப் பழகும். வராமல் போகிற அந்தப் பையனிடம் ஒரு வாரம் முழுக்கச் சந்தைக்கு ஏற்பாடு செய்கிற பொறுப்பைக் கொடுங்கள். அவன் வந்தால்தான் கடை போட முடியும் என்கிற மாதிரி இருக்கட்டும். இதையெல்லாம் அவரவர் வீட்டுக்குச் சொல்லும்போது கிரேடுக்குக் கீழேயே அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதும் வந்துவிடுகிறது. மார்க்கை மட்டும் கேட்கிற அப்பாவுக்குக் கோபத்தைத் தவிர வேறு வேலை இருப்பதில்லை. ஒரு வேலையையும் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள்.

36 பேருக்குத் தனித்தனியாக எழுத நேரம் ஏது என்பீர்கள். எழுதவே வேண்டாம், வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிஷம் போதும். ஒரு நாளைக்கு ஆறு பேர் என்றால் வேலை நாட்களில் ஒரு வாரம், கொஞ்சம் கூடுதலாக ஆகும். வாசிக்கத் தெரியாத அம்மாக்களும் கேட்டுக்கொள்வார்கள். பாட்டி கேட்பார், பிள்ளையும் பக்கத்தில் நின்று கேட்கும். தன்னைப் பற்றி மிஸ் முதலில் நல்லது சொல்கிறார் என்று பிள்ளைக்குத் தெரிவது சின்ன விஷயமில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளின் வீட்டையும் விட்டுவிடாதீர்கள், குறை இருந்தால்தான் மிஸ்ஸிடமிருந்து போன் வரும் என்று ஆகிவிடக் கூடாது.

பெல்ட் தடத்தோடு வந்த பையனைப் பற்றி. அப்படிப்பட்ட வீட்டுக்கு வாய்ஸ் மெசேஜும் வேண்டாம், தாளும் வேண்டாம். அப்பாவை நேரில் வரச் சொல்லுங்கள், கூடவே தலைமையாசிரியரும் இருக்கட்டும். பையனுக்கு என்ன வருகிறது என்று முதலில் சொல்லுங்கள். அப்புறம் இதையும் நேராகச் சொல்லுங்கள்: "நீங்கள் அடித்தால் அடுத்த முறை உங்களிடம் உண்மையைச் சொல்ல எனக்குப் பயமாக இருக்கும், அதில் நஷ்டம் உங்கள் பையனுக்குத்தான்." பிள்ளை படிக்க வேண்டும் என்ற தவிப்பில் கை ஓங்குகிறவர்கள் பலர் இந்தப் பேச்சில் இறங்கி வருவார்கள். இறங்காமல் அடி தொடர்ந்தால் 1098 இருக்கிறது. குழந்தைகளுக்கான உதவி எண், இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். கூப்பிடத் தயங்காதீர்கள்.

பெற்றோர் கூட்டம் புதன்கிழமை காலை 11 மணிக்கு என்று போட்டிருக்கிறீர்கள். வீட்டு வேலைக்குப் போகிற அம்மா அப்போது யார் வீட்டிலோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார். மீன் விற்கிற அம்மாவுக்கு வியாபாரம் முடிந்திருக்காது. ஆட்டோ ஓட்டுகிற அப்பாவுக்கு ஒரு சவாரி போகும். வராதவர்களை அக்கறையில்லாதவர்கள் என்று நாம் சொல்லிவிடுகிறோம், எனக்கு அதில் வருத்தம் உண்டு. சனிக்கிழமை சாயந்திரமோ, ரெண்டு நாளில் ரெண்டு வெவ்வேறு நேரமோ கேட்டுப்பாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழு இருந்தால் இந்த நேர விஷயத்தை அதில் பேசலாம், அதில் நாலில் மூன்று பங்கு பேர் பெற்றோர்தானே.

மாறுவேடப் போட்டி எனக்குப் பிடிக்கவில்லை டீச்சர். வேஷத்துக்கு உடை வாடகைக்கு எடுக்க முடிந்த பிள்ளை ஜெயிக்கும், முடியாத பிள்ளை அன்று லீவு போடும். போட்டி என்பதை எடுத்துவிட்டு, வீட்டில் இருக்கிற துண்டு, பழைய புடவை, அட்டை இவற்றை மட்டும் வைத்து வேஷம் போடலாம், காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம் என்று அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள். எந்த நிகழ்ச்சியானாலும் என்றைக்கு, எத்தனை மணிக்கு, என்ன கொண்டுவர வேண்டும், எவ்வளவு பணம், எந்தத் தேதிக்குள் என்பது தெளிவாக இருக்கட்டும். பணம் கட்ட முடியாதவர்கள் என்னிடம் தனியாகச் சொன்னால் போதும், பிள்ளையை விட்டுவிட்டுப் போக மாட்டோம் என்ற வரியைத் தவறாமல் சேருங்கள். 'ஒத்துழைப்பு நல்கவும்' வேண்டாம்.

கடைசியாகச் சுற்றுலா. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. தவிர, நவம்பர் கடைசி என்றால் சென்னையில் வடகிழக்குப் பருவமழை நடுவில் இருக்கும், மழைக்குப் பள்ளிக்கே லீவு விட்டாலும் விடுவார்கள். கட்டிய வேன் பணம் திரும்பி வராது. பொங்கல் கழித்து, ஜனவரி கடைசியில் ஒரு செவ்வாயோ புதனோ வைத்துக்கொள்ளுங்கள். 1851இல் தொடங்கிய இடம், ஒரே நாளில் எல்லாம் காட்ட முடியாது. திமிங்கலத்தின் எலும்புக்கூடும் சிறுவர் அருங்காட்சியகமும் மூன்றாம் வகுப்புக்குப் போதும். உங்கள் வகுப்பில் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் இருந்தால் அந்த எலும்புக்கூட்டுக்கு முன்னால் அவர்களைப் பேசவிடுங்கள். மீனைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது நம் பலருக்குத் தெரியாது. அப்படிப் பேசியதையும் மூன்றாம் பருவத்து 40இல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாற்றி எழுதியதைக் குழுவில் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒருமுறை அனுப்புங்கள். படித்துவிட்டு அன்றைக்கே பதில் போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா