பிராகில் தரையையும் பார்த்து நடங்கள்: கேள்வி பதில்

செக் குடியரசின் தலைநகரமான பிராகுக்குக் கிளம்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் வரலாறு சம்பந்தமானவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். மூன்று முறை அந்த ஊரில் தங்கி, கால் வலிக்க நடந்திருக்கிறேன். அந்த நடையில் கண்டதையும், அதற்காகப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

திருச்சியிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்: பழைய நகரச் சதுக்கத்தில் எல்லோரும் கடிகாரத்தைத்தான் சொல்கிறார்கள். வேறென்ன பார்க்கலாம்?

கடிகாரத்தையும் பாருங்கள் அம்மா, 1410இல் செய்தது. மணிக்கு மணி எலும்புக்கூடு கயிற்றை இழுக்க, மேலே சிறு ஜன்னல்களில் இயேசுவின் பன்னிரண்டு சீடர்கள் வந்து போவார்கள். கூட்டம் கலைந்ததும், நகர மண்டபத்தின் சுவரை ஒட்டியே கிழக்குப் பக்கம் திரும்புங்கள். இப்போது தலையைக் குனிய வேண்டும். பாவு கற்களுக்கு நடுவே வெள்ளைக் கற்களால் பதித்த சிலுவைகள் தெரியும். எண்ணிப் பாருங்கள், 27 இருக்கும்.

1621 ஜூன் 21 அன்று, அப்போது நாட்டை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சப் பேரரசரை எதிர்த்த 27 பேரை அந்த இடத்தில் கொன்றார்கள். மூவர் பிரபுக்கள், ஏழு பேர் வீரப் பட்டம் பெற்றவர்கள், மீதிப் பதினேழு பேர் சாதாரண நகரவாசிகள். பல்கலைக்கழகத் தலைவரும் மருத்துவருமான யெசேனியஸின் நாக்கை முதலில் அறுத்து, பிறகு தலையை வெட்டினார்கள். பன்னிரண்டு தலைகளைச் சார்லஸ் பாலத்தின் கோபுரத்தில் தொங்கவிட்டார்கள். பத்து ஆண்டுகள் அவை அங்கேயே கிடந்தன. ஆற்றைக் கடந்தவர் ஒவ்வொருவரும் அவற்றின் கீழேதான் போக வேண்டியிருந்தது.

மழை விட்ட ஒரு காலையில் நான் அங்கே நின்றிருக்கிறேன். ஈரத்தில் கறுத்துப்போன கற்களுக்கு நடுவே அந்த வெள்ளை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. பெட்டியை இழுத்துக்கொண்டு வந்த ஒரு குடும்பம் அவற்றின் மேலேயே நடந்து போனது. அவர்கள்மேல் தவறில்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. அதற்காகத்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

சேலம், கல்லூரி மாணவர்: மூன்று பேரை ஜன்னல் வழியாகத் தூக்கிப் போட்டதால் முப்பது ஆண்டுப் போர் வந்தது என்று படித்தேன். நம்பலாமா சார்?

தூக்கிப் போட்டது உண்மை தம்பி. 1618 மே 23, பிராக் கோட்டையில் நடந்தது. பேரரசரின் ஆளுநர்களான ஸ்லாவதா, மார்ட்டினிட்ஸ் இருவரும் அவர்களுடைய செயலர் ஃபப்ரீசியஸும் சுமார் இருபது மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்துக்கொண்டார்கள். மாதா தாங்கிப் பிடித்தாள் என்றார்கள் கத்தோலிக்கர்கள். குப்பைமேட்டில் விழுந்தார்கள் என்றார்கள் புராட்டஸ்டன்டுகள்.

ஆனால் ஜன்னல் வெறும் தீப்பொறிதான், விறகு பல காலமாகக் காய்ந்துகொண்டிருந்தது. பொஹீமியாவில், அதாவது பிராகைத் தலைநகரமாகக் கொண்ட அன்றைய நாட்டில், புராட்டஸ்டன்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தருவதாக 1609இல் பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தார். பின்னால் வந்தவர்கள் அதை மதிக்கவில்லை. இரண்டு ஊர்களில் புராட்டஸ்டன்டுகள் கட்டிய தேவாலயங்களுக்குத் தடை வந்தது. கொடுத்த வாக்கு மீறப்பட்டது என்ற கோபத்தோடுதான் அன்று கோட்டைக்குள் நுழைந்தார்கள். 1620 நவம்பர் 8 அன்று நகருக்கு வெளியே வெண்மலைப் போரில் சில மணி நேரத்துக்குள் தோற்றார்கள். மேலே சொன்ன 27 பேர் அந்தத் தோல்விக்குத் தலை கொடுத்தவர்கள். போரோ அதற்குப் பிறகு ஜெர்மன் நாடுகளுக்குப் பரவி, 1648 வரை ஓயவில்லை.

கோட்டையின் பழைய அரண்மனைக்குள் அந்த ஜன்னல் உள்ள அறையைப் பார்க்கலாம்.

கோவை: கடிகாரம் செய்தவரின் கண்களைக் குருடாக்கிவிட்டார்களாமே?

கட்டுக்கதை. அந்தக் கதையில் வரும் ஹனுஷ் அதைச் செய்தவரே அல்ல. செய்தவர் காடானைச் சேர்ந்த மிக்குலாஷ்.

பெங்களூரு, மென்பொருள் பொறியாளர்: இரண்டாம் உலகப் போரில் வார்சாவும் டிரெஸ்டனும் தரைமட்டமாயின. பிராக் மட்டும் எப்படித் தப்பியது?

1939 மார்ச் 15 அன்று ஜெர்மானியர்கள் சண்டையில்லாமல் உள்ளே வந்துவிட்டார்கள். அதனால் நகரத்துக்காகப் பெரிய போர் நடக்கவில்லை. ஆனாலும் முழுதாகத் தப்பியது என்று சொல்ல முடியாது. 1945 பிப்ரவரி 14 அன்று டிரெஸ்டனுக்குப் போக வேண்டிய அமெரிக்க விமானங்களில் ஒரு பகுதி வழி தவறி, பிராகையே டிரெஸ்டன் என்று நினைத்துக் குண்டு போட்டது. சுமார் 700 பேர் இறந்தார்கள். ஆற்றங்கரையில் எல்லோரும் படம் எடுக்கிற 'நடனமாடும் வீடு' அன்று இடிந்துபோன வீட்டின் மனையில் எழுந்ததுதான்.

இன்னொன்று, நகர மண்டபம். சிலுவைகளைப் பார்த்த இடத்திலிருந்து அப்படியே நிமிர்ந்து வடக்கே பாருங்கள். கட்டடம் பாதியில் அறுந்ததுபோல் நிற்கும், பக்கத்தில் புல்வெளி. அங்கே ஒரு பெரிய பகுதி இருந்தது. ஐரோப்பாவில் போர் முடிந்த 1945 மே 8 அன்று, மக்கள் எழுச்சியின்போது அது எரிந்துபோனது. இன்றுவரை திரும்பக் கட்டவில்லை.

சிங்கப்பூர், இல்லத்தரசி: யூதர் பகுதிக்கு டிக்கெட் விலை அதிகமாக இருக்கிறது. குடும்பத்தோடு போவது அவசியமா?

வேறொரு செலவைக் குறைத்துக்கொண்டாவது போங்கள். பிங்காஸ் தொழுகைக்கூடத்தில் சிலையோ ஓவியமோ இல்லை. நாஜிகள் கொன்ற பொஹீமிய யூதர்கள், பக்கத்துப் பகுதியான மொராவியாவின் யூதர்கள் என ஏறக்குறைய 78,000 பேரின் பெயர்களைச் சுவர் முழுக்கக் கையால் எழுதியிருக்கிறார்கள். குடும்பப் பெயர், பிறகு ஒவ்வொருவரின் பெயர், பிறந்த நாள், கடைசியாக உயிரோடு இருந்ததாகத் தெரிந்த நாள். முதலில் எழுதியது 1950களில். ஈரம் ஏறியதால் 1968இல் கூடத்தை மூடினார்கள், பெயர்களும் சிதைந்தன. 1990களில் திரும்ப ஒருமுறை அத்தனை பெயர்களையும் எழுதினார்கள்.

மாடியில், நாஜிகளின் தெரேசின் முகாமில் அடைபட்ட குழந்தைகள் வரைந்த படங்கள் இருக்கின்றன. வீடு, மரம், வண்ணத்துப்பூச்சி என்று நம் பிள்ளைகள் வரைகிறவைதான். அவர்களுக்கு வரையக் கற்றுக்கொடுத்த ஃப்ரீடல் டிக்கர் பிராண்டைஸ் 1944இல் அவுஷ்விட்ஸ் கொலை முகாமில் கொல்லப்பட்டார். போவதற்கு முன்பு ஏறக்குறைய 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் ஒளித்துவைத்துவிட்டுப் போனார். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தால் முன்கூட்டியே வீட்டில் பேசிவிட்டுக் கூட்டிப்போங்கள்.

மதுரை, தமிழாசிரியர்: தமிழறிஞர் கமில் சுவலபில் அந்த ஊர்க்காரர்தானே?

ஆமாம் ஐயா, 1927இல் பிராகில் பிறந்தவர். அங்கே கீழைத்தேய ஆய்வு நிறுவனத்தில் தமிழும் திராவிட மொழியியலும் ஆராய்ந்தார். 1968 ஆகஸ்ட் 20 இரவு சோவியத் தலைமையிலான படைகள் நாட்டுக்குள் நுழைந்த பிறகு, ஊரை விட்டு வெளியேறினார். வென்செஸ்லாஸ் சதுக்கத்தின் உச்சியில் தேசிய அருங்காட்சியகத்தின் முன் நடைபாதையிலிருந்து மேலெழும்புவதுபோல் ஒரு வெண்கலச் சிலுவை இருக்கிறது. அந்த ஆக்கிரமிப்புக்கு மக்கள் பழகிவிடக் கூடாது என்று 1969 ஜனவரி 16 அன்று தனக்குத் தானே தீ வைத்துக்கொண்ட மாணவர் யான் பாலாகின் நினைவிடம் அது. அவருக்கு வயது இருபது. தமிழ் படித்த ஒருவர் ஏன் அந்த ஊரை விட்டுப் போனார் என்று அங்கே நிற்கும்போது எனக்கு நன்றாக விளங்கியது.

யாழ்ப்பாணம், பயணி: எனக்கு ஒரே ஒரு பிற்பகல்தான் கிடைக்கும். ஓர் இடம் சொல்லுங்கள்.

ரெஸ்லோவா தெருவில் உள்ள சிரில், மெத்தோடியஸ் தேவாலயம். 1942 மே 27 அன்று நாஜி ஆட்சியாளர் ஹைட்ரிக்கைத் தாக்கியவர்களும் தோழர்களுமாக ஏழு பேர் அங்கே ஒளிந்திருந்தார்கள். அதற்குள் பழிவாங்கலாக நாஜிகள் லிடிட்சே கிராமத்தில் 173 ஆண்களைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். ஜூன் 18 அன்று நூற்றுக்கணக்கான படையினர் தேவாலயத்தைச் சுற்றி வளைத்தனர். மூவர் மேலே போரிட்டு வீழ்ந்தார்கள். நால்வர் நிலவறையில் இருந்தார்கள். தெருவோரச் சுவரில் தெரிகிற சிறிய காற்றுத் துவாரத்தின் வழியே குழாய் வைத்துத் தண்ணீரை உள்ளே விட்டார்கள். அந்தத் துவாரத்தைச் சுற்றிக் குண்டு பட்ட குழிகள் இன்றும் இருக்கின்றன. விரலை வைத்துப் பார்க்கலாம்.

பிறகு உள்ளே இறங்குங்கள். தண்ணீர் ஏற ஏற, சாக்கடைக் கால்வாய்க்கு வழி கிடைக்கும் என்று சுவரைத் தோண்டியிருக்கிறார்கள். கால்வாய் வரை போய்ச் சேரவில்லை. பிடிபடாமல் நால்வரும் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள். அவர்கள் தோண்டிய பள்ளத்தை மூடாமல் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள்.