மூன்று லட்சத்தில் பத்து மாதம் பிரான்ஸில் படிக்க முடியுமா?

கேள்வி: என் மகள் திருச்சியில் பொறியியல் மூன்றாம் ஆண்டு முடிக்கிறாள். கல்லூரியின் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில், தெற்கு பிரான்ஸில் உள்ள மோன்பெலியே நகரப் பல்கலைக்கழகத்தில் செப்டம்பர் முதல் ஜூன் வரை படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அங்கே ஃபீஸ் கிடையாது, தங்கும் செலவு மட்டும்தான். "வாடகையில் பாதியை அரசாங்கமே தரும், பார்ட் டைம் வேலை பார்த்தால் மிச்சமும் வந்துவிடும், மூன்று லட்சம் போதும்" என்கிறார்கள் தெரிந்தவர்கள். சேமிப்புக் கணக்கில் இரண்டரை லட்சம் இருக்கிறது. ஆறு லட்சத்துக்கு ஒரு எஃப்.டி. வரும் ஜனவரியில் முதிர்கிறது. அதை இப்போதே உடைக்கலாமா, கல்விக் கடன் வாங்கலாமா?

பதில்: போதாது சார். முதலில் விசாவே வராது. பிரெஞ்சு மாணவர் விசாவுக்கு மாதம் 615 யூரோ வீதம் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும், பத்து மாதத்துக்கு 6,150 யூரோ. ஒரு யூரோவை 105 ரூபாய் என்று வைத்தால் கிட்டத்தட்ட ஆறரை லட்சம். உங்கள் சேமிப்பும் எஃப்.டி.யும் சேர்ந்தால் எட்டரை லட்சம் வருகிறது, அதனால் பயப்பட ஒன்றுமில்லை. எஃப்.டி.யை உடைக்காதீர்கள், கல்விக் கடனுக்கும் இப்போது ஓடாதீர்கள். அதற்கு முன் தீர்க்க வேண்டியது ஒன்றே ஒன்று, மகள் எந்த அறையில் தங்கப் போகிறாள் என்பது.

அங்கே மாணவர் விடுதிகளையும் உணவகங்களையும் நடத்துவது 'க்ரூஸ்' என்கிற அரசு அமைப்பு. அதன் விடுதியில் சின்ன அறை 280 யூரோ அளவில் கிடைத்தால், சாப்பாடு, போன், கைச்செலவு எல்லாம் சேர்த்து மாதம் 600 யூரோவுக்குள் கட்டுப்படும், பத்து மாதத்துக்கு 6.3 லட்சம். அதே பெண் வெளியே தனியாக ஒரு ஸ்டூடியோ, அதாவது ஒற்றை அறை வீடு, எடுத்தால் வாடகையே 500 யூரோவைத் தாண்டும், மாதம் 850 ஆகும், மொத்தம் ஒன்பது லட்சத்தைத் தொடும். விமான டிக்கெட்டும் விசாச் செலவும் இதில் சேரவில்லை. ஆக, நீங்கள் கடன் வாங்க வேண்டுமா வேண்டாமா என்பதை அந்த அறைதான் முடிவு செய்கிறது. பரிமாற்றத்தில் வருபவர்களுக்கு க்ரூஸ் அறைகளைப் பல்கலைக்கழகங்களே ஓரளவு ஒதுக்கி வைப்பதுண்டு. ஆனால் கேட்டால்தான், அதுவும் அவர்கள் சொல்லும் தேதிக்குள் கேட்டால்தான் கிடைக்கும். இங்கே பல பெற்றோர் விசாவுக்கே முழுக் கவனத்தையும் கொடுத்துவிட்டு, ஜூலை மாதக் கடைசியில்தான் வீடு தேட ஆரம்பிக்கிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

விடுதி கிடைக்காவிட்டால்? 'பாய் மொபிலிதே' என்று ஒரு வாடகை ஒப்பந்தம் 2018 சட்டத்தில் வந்தது, ஒன்று முதல் பத்து மாதம் வரை, சாமான்களோடு கூடிய வீடுகளுக்கு. அதில் வீட்டுக்காரர் அட்வான்ஸே கேட்கக் கூடாது. சாதாரண ஒப்பந்தம் என்றால் சாமான் உள்ள வீட்டுக்கு இரண்டு மாத வாடகை வரை அட்வான்ஸ் வாங்கலாம். ஜாமீன்தாரர் கேட்டால் 'விஸாலே' என்ற இலவச உத்தரவாதம் இருக்கிறது, நம் பிள்ளைகளுக்கும் கிடைக்கும், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே விண்ணப்பித்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மோன்பெலியேயில் 2022 ஜூலை முதல் வாடகைக்கு உச்சவரம்பும் உண்டு, அது ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும், பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், வீட்டை யாரும் நேரில் பார்க்காமல், ஒப்பந்தமும் இல்லாமல், "சாவியைத் தபாலில் அனுப்புகிறேன், முதலில் பணத்தைப் போடுங்கள்" என்பவருக்கு ஒரு யூரோ கூட அனுப்ப வேண்டாம்.

இப்போது அந்த "அரசாங்கம் தரும் பாதி வாடகை". வாடகை உதவித்தொகை என்று ஒன்று இருப்பது நிஜம், 'காஃப்' என்ற அலுவலகம் கொடுக்கிறது. ஆனால் குடியேறிய மாதத்துக்குக் கிடையாது. செப்டம்பரில் குடியேறினால் அக்டோபரிலிருந்துதான் உரிமை, அந்தப் பணம் வருவதும் நவம்பரில்தான், அதுவும் காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தால். அதோடு 2026 பட்ஜெட் மசோதாவில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும், உதவித்தொகை பெறாத மாணவர்களுக்கு இதை நிறுத்தும் யோசனையே வந்தது. ஆகவே விண்ணப்பிக்கத் தகுதி இருந்தால் கட்டாயம் விண்ணப்பிக்கட்டும், ஆனால் உங்கள் வரவுக் கணக்கில் அதற்குப் பூஜ்யம் என்றே எழுதுங்கள். வேலைக்கும் அப்படித்தான். சட்டப்படி வருடத்துக்கு 964 மணி நேரம் வேலை பார்க்கலாம். ஆனால் பிரெஞ்சு பேச வராத பெண்ணுக்கு முதல் சில மாதங்களில் வேலை அமைவது கஷ்டம், வாடகைக்காக வேலைக்குப் போய் பாடத்தில் கோட்டை விட்டால் இந்தப் பயணத்துக்கே அர்த்தமில்லை.

கைக்காசு நெருக்குவது முதல் இரண்டு மாதத்தில்தான். விடுதி என்றால் அட்வான்ஸ், இரண்டு மாத வாடகை, சாப்பாடு, போர்வை, பாத்திரம், வீட்டுக் காப்பீடு எல்லாம் சேர்ந்து 1,650 யூரோ, அதாவது ஒன்றே முக்கால் லட்சம் போல. அட்வான்ஸ் கட்டும் தனி வீடு என்றால் 2,800 யூரோ, மூன்று லட்சம். விடுதி அமைந்தால் இதுவும் டிக்கெட்டும் உங்கள் இரண்டரை லட்சத்துக்குள் ஏறத்தாழ அடங்கிவிடும்.

அக்டோபர், நவம்பரில் பணம் குறையும்போது எஃப்.டி. மீது ஓவர்டிராஃப்ட், அதாவது எஃப்.டி.யை ஈடாக வைத்துத் தேவைப்படும்போது எடுக்கும் கடன், எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவாக 90 சதவீதம் வரை தருவார்கள், வட்டி உங்கள் எஃப்.டி. வட்டியை விட ஒன்று அல்லது இரண்டு சதவீதம்தான் கூடுதல், எடுத்த தொகைக்கு மட்டும்தான் வட்டி. இரண்டு லட்சத்தை நான்கு மாதம் எடுத்தாலும், ஒரு சதவீத வித்தியாசம் என்றால் கையை விட்டுப் போவது எழுநூறு ரூபாய்க்குள். ஆறு லட்சத்தையும் இப்போதே உடைத்தால் அபராத வட்டியில் அதைப்போலப் பல மடங்கு போகும். ஜனவரியில் எஃப்.டி. முதிர்ந்ததும் ஓவர்டிராஃப்டை அடைத்துவிட்டு மிச்சத்தை இரண்டாம் செமஸ்டருக்கு வைத்துக்கொள்ளலாம். தனி வீடுதான் என்று ஆகி ஒன்றரை லட்சம் வரை துண்டு விழுந்தால், அந்த அளவுக்கு மட்டும் கல்விக் கடன் கேளுங்கள், பட்டம் இந்தியக் கல்லூரியுடையது என்பதால் பரிமாற்றக் காலச் செலவுக்குத் தருவார்களா என்று வங்கியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப டி.சி.எஸ். என்கிற, வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரி இல்லை, நீங்கள் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறீர்கள். கார்டில் தேய்க்கும்போது "ரூபாயிலா, யூரோவிலா" என்று மெஷின் கேட்டால் எப்போதும் யூரோவையே அழுத்தச் சொல்லுங்கள்.

போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் விசாவை இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், தவறினால் தங்கும் உரிமையே சிக்கலாகிவிடும். அரசு மருத்துவக் காப்பீட்டில் பதிவது இலவசம், ஆனால் அது கைக்கு வர மாதங்கள் ஆகலாம், அதுவரைக்கும் இங்கிருந்தே ஒரு பயணக் காப்பீடு. நகரவாசிகளுக்கு 2023 டிசம்பர் முதல் அங்கே டிராமும் பஸ்ஸும் இலவசம், முகவரிச் சான்று கிடைத்த உடனே பதிந்துகொள்ளட்டும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. க்ரூஸ் உணவகத்தில் முழுச் சாப்பாடு மலிவாகவே கிடைக்கும். ஒவ்வொரு யூரோவையும் ரூபாயாக்கிப் பார்த்து, "ஒரு வேளைக்கு இவ்வளவா" என்று மதியம் பட்டினி கிடக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மகளிடம் நீங்களே போன் போட்டு, சாப்பாட்டில் மிச்சம் பிடிக்காதே என்று சொல்லுங்கள். அவள் தானாகக் கேட்க மாட்டாள்.

ஜூனில் திரும்பும்போது அங்குள்ள வங்கிக் கணக்கை அவசரப்பட்டு மூட வேண்டாம். அறை ஒப்படைத்த பின் அட்வான்ஸ் திரும்ப ஒரு மாதம் ஆகும், ஏதாவது பழுது கழிக்க வேண்டியிருந்தால் இரண்டு மாதம். அது வந்து சேர்ந்த பிறகு மூடிக்கொள்ளலாம்.