தொட்டியை மீறிய ஆர்க்கிட் வேர்கள்

கேள்வி: எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் வளரும் டென்ட்ரோபியம் ஆர்க்கிட்டின் வேர்கள் தொட்டிக்கு வெளியே தொங்குகின்றன. அவற்றை வெட்டிவிட்டுத் தொட்டி மாற்றலாமா?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: வெளியே தொங்குகின்றன என்பதற்காக வெட்ட வேண்டாம். மரத்தில் தொற்றி வளரும் செடியாதலால் காற்றில் வேர் நீட்டுவது அதற்கு இயல்பே. வேரைப் போர்த்தியிருக்கும் பஞ்சு போன்ற உறை, காய்ந்திருக்கையில் வெள்ளி நிறமாகவும் நனைந்ததும் பச்சையாகவும் தெரியும். விரலால் அழுத்தும்போது கெட்டியாக இருப்பது நல்ல வேர். கொழகொழவென்று நசுங்கி, உறை கழன்று, நடுவில் நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சினால் அது அழுகியது. அதை மட்டும் நெருப்பில் காட்டி ஆறவைத்த கத்தரியால் நறுக்குங்கள்.

பூக்கள் உதிர்ந்த பிறகு, பழைய தண்டின் அடியில் புதுக்குருத்து கிளம்பி அதில் வேர் முளைவிடும் சமயமே தொட்டி மாற்ற ஏற்றது. செடியைத் தொட்டியோடு அரை மணி நேரம் நீரில் ஊறவைத்தால் வேர்கள் நெகிழும். அப்போதும் ஒட்டிக்கொண்டிருப்பவற்றைப் பிய்க்காமல், மண்தொட்டியையே உடைத்து, ஒட்டிய ஓட்டுடன் சேர்த்தே நட்டுவிடுவது என் வழக்கம். (தொட்டியின் விலை பெரிதா, வேர் பெரிதா?)

புதுத்தொட்டி ஒரு சுற்று மட்டும் பெரிதாக இருக்கட்டும். நம் ஊர் ஈரப்பதத்தில், தொட்டியை நிரப்ப, நீரைப் பிடித்துவைக்கும் பாசியைவிட அடுப்புக்கரியும் செங்கல் துண்டுகளுமே மேல். செடி ஆடினால் புதுவேரின் நுனி முறியும் என்பதால் குச்சி நட்டுக் கட்டிவிடுங்கள். அடித்தட்டில் நீர் தேங்கினால் வேருக்குக் கேடு, ஏடிஸ் கொசுவுக்குக் கொண்டாட்டம்; தட்டையே எடுத்துவிடுங்கள்.