ஐந்தில் எதில் குளிப்பது?

கேள்வி: குடும்பத்தோடு பத்ரிநாத் போகிறோம். வழியில் பஞ்ச பிரயாகை என்கிற ஆற்றுச் சங்கமங்கள் ஐந்திலும் நீராட வேண்டும் என்கிறார் அம்மா. வயது 68, முழங்கால் வலி வேறு. வேன்காரரோ ஒரு இடத்தில்தான் நிறுத்துவாராம். எதைச் சொல்வது?
- கும்பகோணம் வாசகி

பதில்: தேவப்பிரயாகை. யோசிக்கவே வேண்டாம்.

விஷ்ணு, நந்த, கர்ண, ருத்ர, தேவ என்று பெயர்தான் ஐந்து. ஐந்திலும் வருவது அதே அலகநந்தா. தௌலிகங்கா, நந்தாகினி, பிண்டர், மந்தாகினி என வழியில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு, கடைசியில் தேவப்பிரயாகையில் பாகீரதியோடு கலக்கிறாள். அதற்குக் கீழேதான் கங்கை என்ற பெயர். ஆக, அங்கே ஒரு முழுக்குப் போட்டால் மேலே உள்ள நான்கின் தண்ணீரும் தலையில் விழுந்த கணக்கு. அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். மற்ற நான்கையும் போகிற போக்கில் வேனிலிருந்தே கும்பிட்டுக்கொள்ளட்டும்.

உங்கள் வீட்டில் பிரபந்தம் சேவிக்கிற வழக்கம் உண்டா? பெரியாழ்வார் பாடிய 'கண்டமென்னும் கடிநகர்' இந்த ஊர்தான், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. ரகுநாதர் கோயில் மேலே இருக்கிறது. முழங்காலைக் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

சங்கமத்துக்கும் படி இறங்கத்தான் வேண்டும், கொஞ்சம் செங்குத்து. அம்மா நிதானமாக இறங்கட்டும். படித்துறையில் இரும்புச் சங்கிலி கட்டியிருப்பார்கள். அது அலங்காரத்துக்கு இல்லை, இழுப்பு அப்படி. சங்கிலியை விடாமல் முங்குவது உங்களுக்கு. அம்மாவைக் கடைசிப் படிக்கு இரண்டு படி மேலேயே உட்கார வைத்துச் சொம்பால் மொண்டு ஊற்றுங்கள். முதல் சொம்புக்கு மூச்சு முட்டும், அவ்வளவு குளிர்.

இரண்டு ஆறும் வேறு வேறு நிறத்தில் வந்து கொஞ்ச தூரம் ஒட்டாமலே ஓடும். ஆர்ப்பரித்து வரும் பாகீரதியை மாமியார், அடக்கமான அலகநந்தாவை மருமகள் என்பார்கள் ஊரில். 2006-ல் மேலே டெஹ்ரி அணை வந்தபிறகு மாமியார் ரொம்பவே அடங்கிவிட்டார். மழைக்காலத்தில் சேறும் சத்தமுமாக வருவது இப்போது மருமகள்தான்!

ஜூலை, ஆகஸ்ட் மட்டும் வேண்டாம். மலை சரிந்தால் வழியிலேயே மணிக்கணக்கில் நிற்க வேண்டிவரும். ரிஷிகேஷிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர்தான் என்பதால் விடியற்காலையில் கிளம்பினால் வெயிலுக்கு முன் குளித்துவிடலாம். அப்புறம், தர்ப்பணம் செய்வதாக இருந்தால் தட்சிணையை முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். ஈரப் புடவையோடு பேரம் பேச முடியாது.