பிள்ளைக்கு மொத காமிக்ஸ் எது? டீச்சர் அக்காகிட்ட கேளுங்க

வணக்கம். பாளையங்கோட்டைல 14 வருஷமா ஒண்ணாப்பு, ரெண்டாப்பு பிள்ளையளுக்கு பாடம் எடுக்கேன், ஞாயித்துக்கிழமை வராண்டால பாய விரிச்சி தெருப் பிள்ளையளோட காமிக்ஸ் படிக்கதும் உண்டு. மிருகங்க கூட்டாளியா வார குட்டி காமிக்ஸ் பத்தி நெறைய பேரு கேட்டிருந்தீங்க, ஒவ்வொண்ணா சொல்லுதேன்.

மேலப்பாளையம் அம்மா: அக்கா, என் மவனுக்கு 6 வயசு. படத்த மட்டும் பாத்துட்டு புக்க மூடிருதான். காசு வேஸ்ட்டா?

வேஸ்ட்டே கெடையாது மா. முயலுக்கு காது தொங்கிருக்கு, அப்போ அது சங்கடத்துல இருக்குன்னு அவன் கண்டுபிடிச்சிட்டாம்லா, அதுவும் வாசிப்புதான். ரெண்டாவது தடவ நீங்க பக்கத்துல உக்காந்து "நீ முயலு, நான் நரி"ன்னு பங்கு பிரிச்சிக்கிடுங்க. முயல் பேசுத பலூன் (பேச்ச எழுதிருக்க வட்டம்) வந்தா அவந்தான் வாயத் தெறக்கணும், திக்குனாலும் எடுத்துக் குடுக்காதீங்க, கொஞ்சம் பொறுங்க. இங்கிலீஷ்ல மோ வில்லெம்ஸ் எழுதுன எலிஃபன்ட் அண்ட் பிக்கின்னு 25 புக்கு இருக்கு, அதுல யானை பேசுனா சாம்பல் பலூன், பன்னிக்குட்டி பேசுனா ரோஸ் பலூன். எழுத்து தெரியாத பிள்ளைக்கும் இது யாரு பேச்சுன்னு பாத்த ஒடனே தெரிஞ்சிரும். நம்ம தமிழ் புக்குல இதயே கலர் பென்சில் வச்சி நாமளே பண்ணிக்கிடலாம், நான் அப்படித்தான் பண்ணுதேன்.

தென்காசி சித்தப்பா: மொத புக்கு வாங்கும்போது என்னத்த பாக்கணும் டீச்சர்?

அட்டைய விடுங்க, உள்ள நாலு பக்கத்த பெரட்டி எழுத்த பாருங்க. தமிழ்ல 247 எழுத்து, அதுல பிள்ளையள ரொம்ப பாடாப்படுத்துதது கொம்புதான். கெ, கே, கை மூணுலயும் கொம்பு முன்னால நிக்கும், சத்தம் பின்னால வரும், கொ, கோ இன்னும் மோசம், முன்னால கொம்பு பின்னால கால், நடுவுல எழுத்து மாட்டிக்கிட்டு நிக்கும், இடமிருந்து வலமா போற பிள்ளைக் கண்ணு அங்க தடுக்கி விழுந்துரும். அதனால நரி, அணில், காகம், நாய், ஆடு, மாடுன்னு கொம்பில்லாத சொல்லு அதிகமா வார கதையா எடுங்க. ஆட்டுக்கும் மாட்டுக்கும் தலைல கொம்பு இருக்கு எழுத்துல இல்லன்னு சொன்னா எங்க வகுப்புல ஒருத்தரும் மறக்க மாட்டாங்க. யானை, பூனை, ஆமைல எல்லாம் சங்கிலிக்கொம்பு வருமேன்னு கேப்பீங்க, அது பரவால்ல, பேரு முன்னாடியே தெரியும், பக்கத்துலயே படமும் இருக்கு.

ஒரு கட்டத்துக்கு ரெண்டு பலூனுக்கு மேல வேண்டாம். அப்புறம் பேச்சு. "நான் உன்னைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்"னு ஒரு அணில் சொன்னா பிள்ள அத எழுத்துக்கூட்டி முடிக்கதுக்குள்ள கதைய மறந்துரும், "உன்னத்தான் தேடுனேன்"னு இருந்தா அது வீட்டுல கேட்ட சத்தம், பாதி படிக்கும்போதே மீதி தானா வாயில வந்துரும். பலூனுக்குள்ள பேச்சுத் தமிழ், கட்டத்துக்கு மேல வார வரில எழுத்துத் தமிழ், இதுதான் சரின்னு நான் அடிச்சி சொல்லுவேன்.

ஆலங்குளம் தாத்தா: நான் பத்திரமா வச்சிருக்க பழைய காமிக்ஸ பேரனுக்கு குடுக்கலாமாம்மா?

தாராளமா நீங்க வாசிச்சி காட்டுங்க ஐயா, ஆனா அவனே படிக்கதுக்கு இப்போ வேண்டாம். 1978ல எழுத்துச் சீர்திருத்தம் வந்துச்சுல்லா, அதுக்கு முந்துன அச்சுல ணை, லை, னை எல்லாம் தும்பிக்கைய தூக்குன மாதிரி வேற உருவத்துல இருக்கும், இப்பதான் எழுத்து படிக்க பிள்ள குழம்பிரும். அதுவும் போக சிவகாசில இருந்து 1972ல தொடங்குன முத்து காமிக்ஸ் மாதிரி புக்கெல்லாம் துப்பறியுத கதை, 10 வயசுக்கு மேல குடுத்தா விடவே மாட்டான்.

நாங்குநேரி அப்பா: தமிழ்ல இந்த மாதிரி எங்க கெடைக்கும்?

கம்மிதான் தம்பி, எனக்கும் அது பெரிய வருத்தம். பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015ல தொடங்குன ஸ்டோரிவீவர் வெப்சைட்ல தமிழ் கதைங்க இலவசமா இருக்கு, 1ல இருந்து 4 வரைக்கும் லெவல் பிரிச்சிருக்காங்க, நீங்க 1ல தொடங்குங்க. நெறைய படக்கதைதான், பலூன் இருக்காது, அத ஸ்டிக்கர் பேப்பர்ல வெட்டி ஒட்டி நீங்களே பேச வைக்கலாம். இல்லன்னா ஒரு ஏ4 பேப்பர எட்டா மடிச்சி நடுவுல ஒரு வெட்டு வெட்டுனா 8 பக்க புக்கு ரெடி. கதைக்கு ஏன் தவிக்கணும், உங்களுக்கு கூந்தன்குளம் பக்கம்தான, அங்க ஊருக்குள்ள மரத்துலயே கூழைக்கடா கூடு கட்டுதுல்லா, அதுவும் ஒரு ஆட்டுக்குட்டியும் கூட்டாளி ஆனா என்ன பேசும்னு பிள்ளைகிட்டயே கேளுங்க. அது சொல்லுதத அப்படியே பலூன்ல எழுதுங்க, திருத்தாதீங்க.

வள்ளியூர் சித்தி: ஒரே புக்கயே தெனமும் கேக்கா.

கேக்கட்டும். மனப்பாடம் ஆன பெறகு விரல வச்சி காட்டச் சொல்லுங்க, சொல்லும் எழுத்தும் அங்கதான் ஒட்டும்.

டவுன் அம்மா: நெல்லையப்பர் கோயில் காந்திமதி யானை 2025 ஜனவரில போனதுல இருந்து என் மவ யானை கதைன்னாலே அழுதா. நிப்பாட்டிரவா?

நிப்பாட்ட வேண்டாம் மா, திணிக்கவும் வேண்டாம். புக்க கைக்கு எட்டுத எடத்துல வச்சிருங்க. கேட்டா செத்துப்போச்சுன்னு நேராவே சொல்லுங்க, தூங்குதுன்னு சொன்னா ராத்திரி படுக்க பயப்படும். எங்க வகுப்புலயும் ஒரு பிள்ள அப்படித்தான் இருந்தா. ஆனித் தேரோட்டத்துல காந்திமதிய பாத்தத நாலு கட்டமா வரைய சொன்னேன், மூணு வரைஞ்சா, நாலாவது இன்னும் காலியா இருக்கு, நோட்டு என் அலமாரிலதான் இருக்கு, கேக்க அன்னைக்கு எடுத்துக் குடுப்பேன்.